இந்தியாவில் வெப்பநிலை எங்கே, எப்போது, எவ்வளவு மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானிலை பற்றி எழுதத் தொடங்கினாலே கேள்விகள் வந்துவிடும். வடக்கே வேலைக்குப் போகிறவர்கள், செய்தியில் "இயல்பை விட அதிகம்" என்று படித்துக் குழம்புகிறவர்கள், ஊட்டியில் உறைபனி பார்த்துத் திரும்பியவர்கள் என எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். எல்லா அளவும் செல்சியஸில்.

வெப்பநிலை மாற்றம்னா வெயில் காலத்துல சூடு, மார்கழியில குளிர், அவ்வளவுதானே?

அது நான்கில் ஒன்று. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது. போன வருட மார்ச்சுக்கும் இந்த வருட மார்ச்சுக்கும் உள்ளது நான்காவது. இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன. ஓர் ஊரில் ஒன்று பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருக்கலாம். கீழே எதைப் பேசுகிறேன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

"இயல்பை விட 3 டிகிரி அதிகம்"னு சொல்றாங்களே, அந்த இயல்பை யார் வெச்சாங்க?

இந்திய வானிலை ஆய்வுத் துறை. ஒரு நிலையத்தில் முப்பது ஆண்டுகள் பதிவான அளவுகளின் சராசரிதான் இயல்பு. இப்போது பயன்படுத்துவது 1991 முதல் 2020 வரையிலான ஆண்டுகளை. அதற்கு முன் 1981 முதல் 2010 வரை. ஒவ்வொரு ஊருக்கும், வருடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி இயல்பு உண்டு. ஜனவரியில் சென்னைக்கு 33 டிகிரி என்றால் இயல்பை விட அதிகம். மே மாதத்தில் அதே 33 டிகிரி என்றால் ஊரே நிம்மதியாகத் தூங்கும்.

ஆனால் இயல்பு என்பது நடுப்புள்ளி மட்டும்தான். அதைச் சுற்றி நாட்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதை அது சொல்லாது. அந்தச் சிதறல்தான் இந்தப் பக்கத்தின் விஷயமே.

மே மாசம் சென்னையும் டெல்லியும் ஒரே மாதிரிதான் கொளுத்துது. அப்புறம் டெல்லியை மட்டும் ஏன் ரொம்ப மாறுற ஊர்னு சொல்றீங்க?

மே மாதத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது கிட்டத்தட்டச் சரி. சென்னையில் பகல் 37, 38. டெல்லியில் 40-ஐ ஒட்டி. ஜனவரிக்கு வாருங்கள். சென்னையில் பகல் 29, 30, இரவு 21 வாக்கில். டெல்லியில் பகல் 20, இரவு 7, 8. மாதச் சராசரியில் கணக்கிட்டால் குளிரான மாதத்துக்கும் சூடான மாதத்துக்கும் டெல்லியில் ஏறத்தாழ 20 டிகிரி இடைவெளி. சென்னையில் அது 7, 8 டிகிரி. திருவனந்தபுரத்தில் சுமார் 3 டிகிரிதான்.

காரணங்களில் முதலாவது சூரியன். டெல்லியில் டிசம்பர் பகல் பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம், ஜூன் பகல் கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம். திருவனந்தபுரத்தில் இந்த வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். இரண்டாவது காரணம் கடல். அது அடுத்த கேள்வி.

கடலோரத்துல மட்டும் ஏன் பெருசா மாறுறதில்ல?

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்குத் தேவையானதைப் போல நான்கைந்து மடங்கு. அதோடு, மண்ணில் பகல் வெயில் சில அங்குல ஆழத்தோடு நின்றுவிடுகிறது. கடலில் அலையும் காற்றும் மேல்நீரைப் பல மீட்டர் ஆழத்துக்குக் கலக்கிவிடுகின்றன. ஆவியாதலும் வெப்பத்தைத் தின்கிறது. ஆகவே நிலம் மதியத்துக்குள் கொதித்துவிட்டாலும் கடல் அசைந்துகொடுக்காது. அந்தக் கடலிலிருந்து வரும் காற்று கரையோர ஊர்களின் பகலைத் தணிக்கிறது, இரவைக் குளிர விடாமல் பிடித்துவைக்கிறது.

ராஜஸ்தான் பாலைவனத்துல பகல்ல 45, ராத்திரி போர்வை வேணும்னு சொல்றாங்களே, உண்மையா?

இரண்டு வேறு மாதங்களின் கதையை ஒட்டவைத்த பேச்சு அது. மே மாதத்தில் மேற்கு ராஜஸ்தானில் பகல் 43, 45 என்றால் இரவு 27, 30 என்றுதான் இருக்கும். போர்வை எல்லாம் வேண்டாம். ஆனால் அதே ஊர் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைநிலையைத் தொடும். சூரு நல்ல உதாரணம். 2019 ஜூன் 1 அன்று அங்கே 50.8 டிகிரி பதிவானது. அதே சூருவில் குளிர்கால இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போவதும் உண்டு. நாட்டிலேயே அதிகபட்சமான 51 டிகிரி, 2016 மே 19 அன்று அதே மாநிலத்தின் பலோடியில் பதிவானது.

பகல்-இரவு வித்தியாசம் அங்கே அதிகம் என்பது மட்டும் உண்மை. காற்றில் நீராவி குறைவு, மேகமும் இல்லை. பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் தடையில்லாமல் விண்ணுக்குப் போய்விடுகிறது. இதற்குப் பாலைவனமே தேவையில்லை. நவம்பர் மாத டெல்லியில் பகல் 28, இரவு 13 என்று 15 டிகிரி இடைவெளி சாதாரணம்.

மழைக்காலம் வந்தா எல்லா ஊரும் ஏன் ஒரே மாதிரி ஆயிடுது?

மேகம் பகலில் வெயிலை மறைக்கிறது, இரவில் நிலத்தின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஈர மண்ணும் வெப்பத்தை ஆவியாதலில் செலவழித்துவிடுகிறது. பகல் இறங்க, இரவு ஏற, இடைவெளி சுருங்குகிறது. மும்பையில் ஜூலையில் பகல் 30, இரவு 25. ஜனவரியிலும் பகல் 30, 31-தான், ஆனால் இரவு 17-க்குப் போய்விடும். டெல்லியின் நவம்பர் 15 டிகிரியும் ஆகஸ்டில் 7, 8 ஆகிவிடும். நாளுக்கு நாள் மாற்றமும் இந்த மாதங்களில்தான் நாடு முழுக்கக் குறைவு.

விதிவிலக்கு நாம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தமிழகத்தின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. மேற்கே மழை கொட்டும்போது இங்கே பகலில் வெயிலடித்து, மாலையில் இடி மழை வந்து சட்டென்று இறங்கும். கோவைக்கு மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியே குளுமையான காற்று வந்துவிடுகிறது. கரூர் பரமத்திக்கும் திருச்சிக்கும் அந்தக் கொடுப்பினை குறைவு.

நாளுக்கு நாள் தலைகீழா மாறுறது எந்த மாசம், எந்தப் பக்கம்?

குளிர்காலமும் கோடைத் தொடக்கமும், வட இந்தியாவில். காரணம், மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் 'மேற்கத்திய இடையூறுகள்' என்ற காற்றழுத்தத் தாழ்வுகள். குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து வருவது சகஜம்.

ஒன்று வந்து போவதைப் படிப்படியாகப் பாருங்கள். அது நெருங்கும்போது முதலில் உயரத்தில் மெல்லிய மேகம் பரவும். தெற்கு, கிழக்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவரும். மேகம் மூடியதால் இரவு வெப்பநிலை மூன்று நான்கு டிகிரி ஏறும். "குளிர் விட்டுவிட்டது" என்று கம்பளியை மடித்து வைப்பார்கள். அப்புறம் சமவெளியில் மழை, மலையில் பனிப்பொழிவு. பகல் வெப்பநிலை சரியும். இடையூறு கிழக்கே நகர்ந்ததும் வானம் வெளுக்கும், வடமேற்கிலிருந்து பனிமலையைத் தடவிய காற்று இறங்கும். இப்போது பகல் ஏறினாலும் இரவு தடாலென்று விழும். ஒரே வாரத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிடும். விந்தியத்துக்குத் தெற்கே இதன் தாக்கம் மெலிந்து, நம் பக்கம் வரும்போது பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது.

இடையூறுகள் வரத் தவறினால் அதுவும் மாற்றம்தான். 2022 மார்ச்சில் வடமேற்கில் மழை பெய்யாமல் வானம் தெளிவாகவே கிடந்தது. நாட்டின் சராசரிப் பகல் வெப்பநிலையில் 1901-க்குப் பிறகு அதுவே மிகச் சூடான மார்ச். பால் பிடிக்கும் நேரத்தில் பஞ்சாப், அரியானா கோதுமை காய்ந்து சுருங்கியது. மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

வடகிழக்கு மாநிலங்களும் வடக்கு மாதிரிதானா?

இல்லை. அசாமில் மார்ச், ஏப்ரல் முதலே இடி மழை தொடங்கிவிடுவதால் கோடை உச்சம் என்று ஒன்று உருவாகவே விடாது. கௌகாத்தியின் சூடான மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும். கொல்கத்தா நடுவில் நிற்கிறது. ஏப்ரல் மாலையில் 'கால்பைசாகி' புயல்மழை வந்தால் சிறிது நேரத்தில் பத்து டிகிரி வரை சரியும், மறுநாள் மதியம் மறுபடி பழைய கணக்கு.

டெல்லியில மூடுபனி இருந்தா பகல் குளிரா, ராத்திரி குளிரா?

பகல்தான். கேட்கிறவர்களில் பலர் இதை நம்புவதில்லை. அடர்ந்த மூடுபனி மதியம் வரை விலகாவிட்டால் வெயில் தரையைத் தொடாது. இரவில் அதே மூடுபனி மேகம் போல வேலை செய்து வெப்பநிலை மேலும் விழாமல் தாங்கிப் பிடிக்கும். 2019 டிசம்பர் 30 அன்று டெல்லி சப்தர்ஜங்கில் பகல் உச்சமே 9.4 டிகிரிதான். 1901-க்குப் பிறகு அங்கே அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் பகல் கிடையாது.

இதனால்தான் வானிலைத் துறை 'குளிர் அலை', 'குளிர் பகல்' என இரண்டு தனி அறிவிப்புகளை வைத்திருக்கிறது. முதலாவது இரவு வெப்பநிலையைப் பார்த்துச் சொல்வது, இரண்டாவது பகலைப் பார்த்து. வெட்டவெளியில் வேலை செய்கிறவரைக் குளிர் பகல்தான் அதிகம் வாட்டும்.

அக்னி நட்சத்திரம் முடிஞ்சா வெயில் குறையணுமே, ஏன் சென்னையில ஜூன்லயும் கொளுத்துது?

கத்திரி என்பது பஞ்சாங்கக் கணக்கு, மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வாக்கில் முடியும். கேரளத்துக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் அது ஓரளவு பொருந்தும். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து பகலை இறக்கிவிடும். சென்னைக்கு அந்த மழை நேரடியாகக் கிடைப்பதில்லை, மேற்கிலிருந்து காய்ந்த காற்றுதான் கிடைக்கிறது. எனவே ஜூனின் இயல்பும் மே மாதத்தை ஒட்டியே இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி போன பிறகு.

மும்பையில மார்ச்ல 40 டிகிரியாம். கடலோரம் மாறாதுன்னு சொன்னீங்களே?

கடற்காற்று வந்தால் மாறாது என்பதுதான் நான்காவது கேள்விக்கான பதிலின் முழுப் பொருள். வராவிட்டால் கடலோர ஊரும் உள்நாட்டு ஊர்தான். மும்பையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிழக்கிலிருந்து தக்காணத்தின் சூடான காற்று வலுவாக வீசினால் கடற்காற்று மதியம் தாண்டித்தான் நுழைய முடியும். அன்று இயல்பை விட ஆறேழு டிகிரி ஏறி 40-ஐத் தாண்டிய நாட்கள் பதிவில் இருக்கின்றன. மறுநாளே காற்று திரும்பினால் 33.

சென்னையில் இதே ஆட்டம் மே, ஜூனில் மேற்குக் காற்றோடு நடக்கிறது. பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கடற்காற்று வந்தால் 37-ஓடு நிற்கும். மூன்று மணி வரை இழுத்தால் 41, 42. கடற்கரையில் இருப்பவருக்குக் காற்று வந்த பிறகும் மீனம்பாக்கம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்.

தெற்குல மாற்றம் குறைவுன்னா ஊட்டியில எப்படி உறைபனி விழுது?

உயரம் சராசரியை இறக்கும், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி. ஆனால் பருவ வித்தியாசத்தை அது பெரிதாக்காது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அதன் குளிரான மாதத்துக்கும் சூடான மாதத்துக்கும் இடைவெளி ஐந்து டிகிரி வாக்கில்தான். லடாக்கின் லே நகரில் அது 20-ஐத் தாண்டும், ஏனென்றால் லே வடக்கிலும் இருக்கிறது, கடலை விட்டு வெகுதூரத்திலும் இருக்கிறது.

உறைபனி ஓர் இரவின் விஷயம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் புல்வெளியிலிருந்து வெப்பம் வேகமாக வெளியேறும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் குதிரைப் பந்தயத் திடல் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் ஒன்றும் இருக்காது. வானிலை நிலையத்தின் வெப்பமானிப் பெட்டியில் 2, 3 டிகிரி காட்டும்போதே புல்லின் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

என் போன்ல 41 காட்டுது, செய்தியில 38-ங்கறாங்க. யாரை நம்புறது?

செய்தியை. நிலையத்தில் அளவிடும் முறையைப் பார்த்தால் காரணம் புரியும். வெள்ளையடித்த மரப்பெட்டி, நான்கு பக்கமும் சரிவான பலகை இடுக்குகள், தரையிலிருந்து சுமார் 1.25 மீட்டர் உயரம், சுற்றிலும் திறந்த வெளி. உள்ளே கிடைமட்டமாக இரண்டு வெப்பமானிகள். அதிகபட்சமானியில் பாதரசம், அதன் கழுத்தில் ஒரு குறுகல். ஏறிய பாதரசம் தானாக இறங்காது, ஜுரம் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாய் போல உதறித்தான் இறக்க வேண்டும். குறைந்தபட்சமானியில் ஆல்கஹால், அதற்குள் ஒரு சின்ன ஊசி. திரவம் சுருங்கும்போது ஊசியை இழுத்துக்கொண்டு போய், இரவின் கடைசிப் புள்ளியில் விட்டுவிடும். இப்போது பல இடங்களில் தானியங்கி உணரிகள் வந்துவிட்டன. ஆனால் நிழலில், காற்றோட்டத்தில் அளக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. போன் காட்டுவது பெரும்பாலும் கணினி போடும் கணிப்பு, அளவீடு அல்ல.

தானியங்கியும் தவறலாம். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று வந்தது. அதே நாள் சப்தர்ஜங்கில் 46.8. பிறகு சோதித்ததில் முங்கேஷ்பூர் உணரி 3 டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்ததாக வானிலைத் துறை அறிவித்தது. அக்கம்பக்கத்து நிலையங்களோடு ஒட்டாத எண்ணைக் கண்டால் பகிர்வதற்கு முன் ஒரு நாள் பொறுப்பது நல்லது.

வெப்ப அலைன்னு சொல்ல சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37-ஆ? இது ஓரவஞ்சனை இல்லையா?

இல்லை, இதுதான் நியாயம். வானிலைத் துறையின் விதிப்படி சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும், அதோடு இயல்பை விட குறைந்தது 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். சமவெளியில் விலகல் 6.4-ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 45 என்றால் வெப்ப அலை, 47 என்றால் கடும் வெப்ப அலை என்ற வழியும் உண்டு.

என் குறை வேறு. 4.5 டிகிரி விலகல் என்பது பிப்ரவரி டெல்லிக்குச் சாதாரணம், திருவனந்தபுரத்துக்கு அபூர்வம். இரண்டுக்கும் ஒரே விலகலைக் கேட்டால், குறுகிய வரம்புக்குள் வாழ்ந்து பழகிய ஊரின் கஷ்டம் அறிவிப்பில் வராமலே போகலாம். அதிலும் ஈரப்பதம் கணக்கில் சேராததால், கேரளக் கரையில் 36 டிகிரியில் வியர்வை காயாமல் தவிப்பதற்கு அந்த விதியில் பெயரே இல்லை.

அந்தச் சிதறலை நானே கணக்குப் போட முடியுமா?

முடியும், அதன் பெயர் திட்ட விலக்கம். இரண்டு கற்பனை ஊர்கள், ஐந்து நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் 33, 34, 33, 32, 33. இரண்டாவதில் 20, 26, 23, 19, 27. சராசரிகள் 33, 23. ஒவ்வொரு நாளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் முதல் ஊருக்கு 2, இரண்டாவதற்கு 50. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.6, 3.2. முதல் ஊர் தெற்குக் கடலோரத்தைப் போன்றது, இரண்டாவது குளிர்கால வடக்கைப் போன்றது.

ஒரே ஓர் எச்சரிக்கை. வருடத்தின் 365 நாட்களையும் மொத்தமாகக் கொட்டி இதைப் போடாதீர்கள். அப்போது கிடைப்பது பருவ வித்தியாசம், நாளுக்கு நாள் மாற்றம் அல்ல. மாதம் மாதமாகப் பிரித்து, அந்த மாத இயல்பிலிருந்து விலகலை எடுங்கள்.

2024-ல இந்தியாவோட சராசரி 0.65 டிகிரிதான் கூடிச்சாம். டெல்லி ஒரே வாரத்துல பத்து டிகிரி மாறுதே, இதுக்கா இவ்வளவு சத்தம்?

இரண்டும் வெவ்வேறு அளவுகள். ஒரு நாள் டெல்லியில் கூடும்போது நாக்பூரில் குறையும். நாடு முழுக்க, வருடம் முழுக்கச் சராசரி எடுத்தால் அந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். அதற்குப் பிறகும் 0.65 மிஞ்சுகிறது என்றால், பெரும்பாலான ஊர்களும் மாதங்களும் ஒரே பக்கமாக நகர்ந்திருக்கின்றன என்று பொருள். அதுவும் 1991-2020 இயல்போடு ஒப்பிட்டு. 1901 முதலான பதிவில் அதுவே மிக வெப்பமான ஆண்டு.

அப்போ வெப்பம் கூடினா அதிகம் மாறுற வடக்குக்குத்தான் ஆபத்து, தெற்கு தப்பிச்சுடும், சரியா?

மிக உயர்ந்த எண்கள் வடக்கில்தான் வரும். ஆனால் "என் ஊரில் இப்படிப் பார்த்ததே இல்லை" என்ற நாட்கள் எங்கே வேகமாகப் பெருகும் என்பது வேறு கேள்வி. நாட்கள் இயல்பை ஒட்டி அதிகமாகவும் இரண்டு ஓரங்களிலும் குறைவாகவும், கோயில் மணி வடிவில் பரவியிருப்பதாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். திட்ட விலக்கம் 1 டிகிரி உள்ள ஊரில் இயல்பை விட 2 டிகிரி கூடிய நாட்கள் நூறில் இரண்டு சொச்சம். சராசரி அரை டிகிரி நகர்ந்தால் அவை நூறில் ஆறேழு ஆகிவிடும், அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு.

திட்ட விலக்கம் 4 டிகிரி உள்ள ஊரில் அதே அளவு அபூர்வமான நாள் என்றால் இயல்பை விட 8 டிகிரி கூடியது. அங்கேயும் அரை டிகிரி நகர்ந்தால் நூறில் இரண்டு சொச்சம் மூன்று ஆகும், அவ்வளவுதான். மாற்றம் குறைந்த ஊரில் அரை டிகிரியும் பெரிய நகர்வு. திருவனந்தபுரம், கொச்சி, போர்ட் பிளேர் போன்ற ஊர்களின் பதிவை எடுத்துப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக இரவு வெப்பநிலையை. அங்கே சிதறல் இன்னும் குறுகல்.